பழைய லென்ஸும் பயணப் படங்களும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். மாலையும் கழுத்துமாய் ஒரு கல்யாணப் படம் இருக்கும். பொட்டு வைத்துப் பூச்சரம் சூட்டிய தாத்தா படம் இருக்கும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய படமும் இருந்தாலும் இருக்கும். எல்லாம் பட்டணத்து ஸ்டூடியோக்காரர் எடுத்துக் கொடுத்தவை. ஆனால், விடியற்காலைப் பெரட்டில் நின்ற படம் எத்தனை வீட்டில் இருக்கிறது? காண்டா வாளியோடு பால் ஸ்டோருக்கு நடந்த படம் இருக்கிறதா? ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் தூங்கிய குழந்தையை யாராவது படம் எடுத்தார்களா?

விசேஷ நாளைப் படம் பிடித்தோம். வாழ்ந்த நாளைப் பிடிக்கவில்லை. குற்றம் நம்முடையதன்று. ஒரு பிலிம் சுருளில் 36 படம்தான். சுருள் வாங்கவும் கழுவவும் கொடுக்கும் காசுக்கு வீட்டில் வேறு செலவு காத்திருந்தது.

அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கலாம் என்றுதான் நாங்கள் நால்வர் சேர்ந்தோம். ஒருவர் லாரி ஓட்டும் அண்ணன். ஒருவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்களுக்கு அவர் எப்போதும் டீச்சர்தான். ஒருவர் மருத்துவமனைத் தாதி. நான்காமவன், மின்சாரச் சாமான்கள் பழுது பார்க்கும் அடியேன். நால்வரும் தோட்டத்துப் பிள்ளைகள். வருடத்தில் இரண்டு மூன்று முறை பயணம் போவோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எடுத்த படங்களைப் பரப்பி வைத்துப் பேசுவோம். சட்டம் இரண்டே இரண்டு. படம் பழைய லென்ஸில், கையால் திருகி எடுத்ததாக இருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவர வேண்டும்.

கேமரா என்னவோ இந்தக் காலத்துக் கேமராதான். லென்ஸுக்குத்தான் வயது ஐம்பதுக்கு மேல். பழையதும் புதியதும் எப்படிப் பொருந்தும் என்று பலர் கேட்கிறார்கள். அன்றைய பிலிம் கேமராக்களின் வயிற்றில் சாய்வாக ஒரு கண்ணாடி இருந்தது. அதற்கு இடம் விட வேண்டியிருந்ததால், லென்ஸ் மாட்டும் வாய் பிலிமிலிருந்து ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. 2008-ஆம் ஆண்டு முதல் அந்தக் கண்ணாடி இல்லாத கேமராக்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்த இடைவெளி ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்தான். மிச்சமிருக்கும் தூரத்தை ஓர் உலோக வளையம் நிரப்பிவிட்டால் போதும், பழைய லென்ஸ் புதுக் கேமராவில் ஒழுங்காக வேலை செய்யும். வளையத்துக்குள்ளே மின்சாரமும் இல்லை, மந்திரமும் இல்லை.

ஒவ்வொரு பழைய லென்ஸுக்கும் ஒரு குணம் உண்டு. அண்ணனிடம் இருப்பது ஹீலியோஸ் 44. சோவியத் நாட்டில், ஜெர்மனியின் பையோட்டார் லென்ஸை ஒட்டிச் செய்யப்பட்டது. துவாரத்தை முழுக்கத் திறந்து ஆளை எடுத்தால், பின்னால் இருக்கும் இலைகள் எல்லாம் சுழித்துக்கொண்டு நிற்கும். டீச்சருடையது ஜப்பானியப் பென்டாக்ஸ் கேமராவோடு வந்த டாக்குமார். அந்த வரிசையில் சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பார்கள்; வயதாக ஆக மஞ்சள் பிடிக்கும். இலேசான கதிரியக்கம் அதில் உண்டு. மாட்டிப் படம் எடுப்பதால் தீங்கில்லை. பிரித்து, உடைத்து, சுரண்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். டீச்சர் அந்த மஞ்சளைப் போக்க விரும்பவில்லை. “சாயங்கால வெயில் மாதிரி இருக்குப்பா, இருந்துட்டுப் போகட்டும்” என்பார்.

சென்ற பயணத்தில் பேராக்கில் இரண்டு இடங்களுக்குப் போனோம்.

முதலில், கோலகங்சார் பக்கம் காராயில் இருக்கும் விக்டோரியா பாலம். பேராக் ஆற்றின் குறுக்கே 1900-இல் கட்டி முடித்த ரயில் பாலம் அது. இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழைய பாலத்தில் மனிதர்கள் நடக்கிறார்கள். அங்கே தாதித் தங்கச்சிக்கு நான் ஒரு பழைய வித்தை சொல்லிக் கொடுத்தேன். 35 மில்லிமீட்டர் லென்ஸைப் பிலிம் அளவு கொண்ட கேமராவில் மாட்டி, துவாரத்தை 8-இல் வைத்து, தூரத்தை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழும். பிறகு எதையும் திருக வேண்டியதில்லை. ஆள் வரும்போது பொத்தானை அழுத்தினால் போதும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவரை அப்படித்தான் எடுத்தாள். அவர் முகமும் தெளிவு, பின்னால் பாலத்தின் இரும்புச் சட்டங்களும் தெளிவு.

அடுத்தது, பத்து காஜா அருகே கெல்லிஸ் காசல். ஸ்காட்லாந்துத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். அந்தக் காலத்து விஷக் காய்ச்சலில் பலர் மாண்டார்கள். 1926-இல் துரையும் லிஸ்பனில் இறந்து போனார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. வருகிறவர்கள் அந்த மாளிகையைத்தான் படம் எடுக்கிறார்கள். சற்றுத் தள்ளி, தொழிலாளர்களுக்காக எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரையில் சாமி சிலைகளோடு தொப்பி போட்ட துரையின் உருவமும் நிற்கிறது. 135 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி அதை அருகில் இழுத்தேன். வேலை செய்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவர்கள் கும்பிட்ட இடம் இருக்கிறது. அந்தப் படத்தை மேசையில் வைத்தபோது வெகுநேரம் யாரும் பேசவில்லை.

அன்பர்களே, இத்தனை சிரமம் எதற்கு, கைப்பேசியில் தட்டினால் படம் வருமே என்பீர்கள். வரும், உண்மைதான். சட்டென்று வரும், ஆயிரக்கணக்கில் சேரும், கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் அத்தனையும் ஒரு நொடியில் போகும். அது ஒருபுறம் இருக்கட்டும். கையால் திருகும் லென்ஸுக்கு நேரம் பிடிக்கிறதே, அந்த நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த லாபம். அதை ஓர் அனுபவத்தால் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிறது. லயத்து வீடுகள் மட்டும் காலியாக நின்றன. நாங்கள் போய் ஒரு சுருள் அளவுக்கு எடுத்தோம்: பொதுக் குழாய், கதவில்லாத சமையலறை, சுவரில் பிள்ளைகள் கரியால் எழுதிய கணக்கு. ஐந்து மாதம் கழித்துப் போனபோது அங்கே சிவப்பு மண்தான் இருந்தது. வீடமைப்புத் திட்டப் பலகை நட்டிருந்தார்கள்.

அந்தப் படங்களை அண்ணனின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். எண்பது வயதைத் தாண்டியவர். இப்போது பட்டணத்து அடுக்குமாடியில் நான்காவது மாடியில் இருக்கிறார். ஒவ்வொரு படமாக விரலால் தடவிப் பார்த்தார். குழாய்ப் படம் வந்ததும் நிறுத்தினார்.

“இங்கதான்பா வரிசையில நிப்போம். முதல் வாளி யாருதுன்னு தினமும் சண்டை” என்றார். பிறகு, “முப்பது வருசம் பால் வெட்டினேன். கையில கத்தியோட என்னை யாரும் படம் எடுத்ததில்ல” என்றார்.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து வந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டோம். டீச்சர் தம்முடைய டாக்குமாரை மாட்டி, வளையத்தை மெல்லத் திருகத் தொடங்கினார். “அசையாம இருங்கம்மா, கொஞ்ச நேரம்” என்றார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மா பேச ஆரம்பித்தார். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், அதற்கு மேல் போனால் மரத்துக்குக் காயம், காயம் பட்டால் கங்காணி என்ன சொல்வார், மழை வந்தால் மங்குகளில் பால் எப்படிக் கெடும் என்று சொல்லிக்கொண்டே கத்தியைச் சரித்துப் பிடித்தார். கை தானாகவே வேலைக்காரக் கையாகிவிட்டது. டீச்சர் அப்போதுதான் அழுத்தினார். மகனுக்கே அந்தக் கதைகளில் பாதி தெரியாது. சட்டென்று தட்டி முடித்திருந்தால் ஒரு முகம் கிடைத்திருக்கும். அந்தக் கை கிடைத்திருக்காது. இப்போது அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்பாவோ மாமாவோ வைத்துப்போன பழைய கேமரா இருக்கலாம். பழைய சாமான் வாங்க வருகிறவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் விளக்கு அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூசணம் பிடித்திருக்கிறது. தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதிர்ஷ்டம். நம் நாட்டு ஈரக் காற்றுதான் லென்ஸுக்குப் பெரிய எதிரி. தோல் உறையில் போட்டு மூடி வைப்பது பூசணத்துக்கு விருந்து வைப்பது போல. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளைப் போட்டு, அதற்குள் வையுங்கள். அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது எல்லாவற்றையும் விட நல்லது.

பயணம் என்றால் பினாங்குக் கொடிமலைக்கும் கேமரன் மலைக்கும்தான் போக வேண்டுமென்பதில்லை. தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். மண்சடக்கு, கோயில், பள்ளிக்கூடம், எஞ்சியிருக்கும் ஒரு லயம், எது கண்ணில் பட்டாலும் எடுங்கள். பெரியவர்களை உடன் அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் அச்சடித்து, பின்பக்கம் ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், வருடம் நான்கையும் எழுதுங்கள். எழுதாத படம் இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவர் படமாகிவிடும்.

எங்கள் அடுத்த பயணம் டீச்சர் முதன்முதலில் பாடம் நடத்திய தோட்டப் பள்ளிக்கு. கட்டடம் இன்னும் நிற்கிறது என்று அண்ணன் லாரியில் போகும்போது பார்த்து வந்து சொன்னார். அது நிற்கும்போதே போய்விட வேண்டும்.