மாதம்மாளுக்குக் கடைசிப் பெயர் என்ன?

தர்மபுரி மாவட்டத்தில் மாதம்மாள், மாதேஷ், மாது என்ற பெயர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரே தெருவில் மூன்று மாதம்மாள் இருப்பார்கள். மேட்டு வீடு, பள்ளத்து வீடு, இன்னார் சம்சாரம் என்று ஏதாவது சேர்த்துத்தான் ஆளைப் பிரித்துச் சொல்வோம். இப்படிப்பட்ட ஊருக்கு, 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டி போட்ட மென்பொருள் வந்தால் என்ன ஆகும்? இன்றைய கட்டுரை அதைப் பற்றித்தான்.

எங்கள் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றில் (பெயர் வேண்டாமே) உறுப்பினர் விவரங்களைக் கணினியில் ஏற்ற யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருள் இருந்தது. என் அத்தை அங்கேதான் பால் ஊற்றுகிறார். அவர் பெயரும் மாதம்மாள்தான். கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் சேமிக்க விடாது. இனிஷியல் போட்டால், குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று சிவப்பில் திட்டும். பொறுமை போன எழுத்தர் எல்லோருக்கும் 'அஅஅ' என்று அடித்து வேலையை முடித்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே இருபது பேர் கேனோடு நிற்கும்போது வேறு என்ன செய்வார், பாவம்!

விளைவு, பட்டியலில் இரண்டு 'மாதம்மாள் அஅஅ'. அத்தையின் வரியில் இன்னொருவரின் வங்கிக் கணக்கு எண் ஏறிவிட்டது. பதினைந்து நாள் பால் பணம் அந்தம்மா கணக்குக்குப் போனது. நல்ல மனுஷி, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் தீவனக் கடையில் அத்தை கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது.

இதில் எனக்கு எரிச்சல் தருவது என்னவென்றால், பெயருக்கு அத்தனை கெடுபிடி செய்த படிவம், கணக்கு எண்ணில் எதை அடித்தாலும் வாங்கிக் கொண்டது. மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. அனுப்புமுன் பெயரைப் பார்த்துக் கொள்ளும் வசதி நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டுக்கும் 2025ல்தான் வந்தது. ஆக, காவல் போட வேண்டிய பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, மற்றதற்குப் பூட்டு!

ஆதார் எண்ணைப் பாருங்கள். 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றையும் சரிபார்க்க வைத்தது. ஹாலந்துக்காரர் வெர்ஹோஃப் 1969ல் வெளியிட்ட முறை. ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் மாட்டிக் கொள்ளும். வங்கிக் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான அப்படி ஒரு ஏற்பாடு இல்லை, நீளமே வங்கிக்கு வங்கி வேறு. ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் மட்டும் பிடிமானம் உண்டு: 11 இடங்கள், முதல் நான்கு ஆங்கில எழுத்து, ஐந்தாவது பூஜ்யம்.

நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் அந்த மென்பொருளை இப்போது சி ஷார்ப்பில் புதிதாக எழுதுகிறோம் (செமஸ்டர் ப்ராஜெக்டும் ஆச்சு!). பெயருக்கு ஒரே பெட்டி, பக்கத்தில் ஊர்ப் பெயரோ பட்டப்பெயரோ எழுத இன்னொன்று, விருப்பப்பட்டால். கணக்கு எண்ணை இரண்டு முறை அடிக்க வேண்டும். அந்த எண் வேறு உறுப்பினருக்கு ஏற்கெனவே இருந்தால் அவர் பெயரைக் காட்டிக் கேட்கும். கேட்கும், அவ்வளவுதான், தடுக்காது. புருஷன் பெண்டாட்டி இருவரும் உறுப்பினராகி ஒரே கூட்டுக் கணக்கு வைத்திருப்பது இங்கே சகஜம்.

தமிழில் பெயர் அடிப்பதில் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு குறியும் எழுத்துதானா என்று பார்க்க 'இஸ்லெட்டர்' என்று ஒன்று உண்டு. அதில் 'தர்மபுரி' தேறாது! யூனிகோடில் ஐந்து எழுத்துச் சொல் எட்டுக் குறிகளாக இருக்கிறது. அதில் புள்ளி, உகரக் குறி, இகரக் குறி மூன்றையும் அது எழுத்தாகவே ஏற்பதில்லை. மாவட்டத்தின் பெயரே செல்லாது என்றால் எங்கே போய்ச் சொல்வது? அந்தச் சோதனையையே எடுத்துவிட்டோம்.

இன்னொன்று, தவறாக அடித்தால் பெட்டியை விட்டு நகர விடாமல் பிடித்து வைக்கும் வழக்கம். 'வேலிடேட்டிங்' நிகழ்வில் ரத்து என்று போட்டால் படிவத்தை மூடும் பொத்தான்கூட அடங்கிவிடும். கரண்ட் போகும் நேரத்தில் யாரையும் அப்படிச் சிறை வைக்கக் கூடாது. பெட்டிக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்புக் குறி போதும், கணக்கைச் சேமிக்கும்போது மட்டும் கண்டிப்பு.

பிறந்த தேதிதான் இன்னும் இழுக்கிறது. வயசு கேட்டால் "பஞ்சம் வந்த வருஷம்" என்பவர்கள் உண்டு. தேதியைக் கட்டாயமாக்கினால் ஊரே ஜனவரி 1ல் பிறந்ததாகிவிடும். ஆதார் பதிவில் உத்தேச வயதுக்கும் இடம் உண்டு, ஆண்டு மட்டும் உள்ள அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். நாங்களும் அப்படியே விட்டிருக்கிறோம். அடுத்த வாரம் சங்கத்தில் போட்டுப் பார்க்கிறோம். எழுத்தர் என்ன சொல்கிறார் என்று பிறகு எழுதுகிறேன்.