இரண்டாம் பிள்ளை

விழா மலரொன்றைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் முதலிற் புரட்டிப் பார்ப்பது பரிசு பெற்றோர் பட்டியலையே. யாமும் அவ்வாறே செய்து வந்தோம். இக்கல்லூரியில் மாணவராய் 10 ஆண்டுகளும், பின்னர் ஆசிரியராய் 28 ஆண்டுகளும் கழித்த எமக்கு, புதியதொரு வகுப்பிற் கால் வைத்ததும் வாயில் வரும் முதல் வினா, "முதலாம் பிள்ளை யார்?" என்பதாகவே இருந்தது. அவ்வினாவைப் பற்றி எமக்கு ஐயம் தோன்றியது முதுமையிலேதான். அதனைத் தோற்றுவித்தவர், யாம் நேரில் ஒருபோதும் கண்டிராத ஒரு பிரெஞ்சுத் துவிச்சக்கரவண்டி வீரர்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாரிசு நகரில் மகன் இல்லத்தில் தங்கியிருந்தோம். 13ஆம் திகதி, றெமோன் பூலிதோர் என்னும் 83 வயது முதியவர் காலமானார் என்ற செய்தியைத் தொலைக்காட்சி நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. "இவர் எத்தனை முறை முதலாவதாக வந்தவர்?" என மகனிடம் வினவினோம். "இந்த நாட்டுப் பெரிய போட்டியில் ஒருமுறையும் இல்லை, அப்பா" என்றான். முதலாவதாக வராத ஒருவருக்காக ஒரு நாடு ஏன் வருந்துகின்றது? அதனை அறியும் ஆவலால் அவர் வரலாற்றைத் தேடிக் கற்றோம்.

பூலிதோர் 1936ஆம் ஆண்டு, பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள குறேஸ் என்னும் நாட்டுப்புறத்தில், பிறர் நிலத்தைப் பயிரிட்டு வாழ்ந்த எளிய குடும்பத்திற் பிறந்தவர். 1960இல் தொழில்முறை வீரராகி, 1977இல் ஓய்வு பெறும்வரை மேர்சியே குழுவை விட்டு நீங்காதிருந்தார். 1961இல் மிலான் - சான் றெமோ போட்டியையும், 1964இல் ஸ்பெயின் நாட்டுச் சுற்றுப் போட்டியையும் வென்றார். ஆயினும் அந்நாட்டவர் உள்ளத்தில் நிலைத்த போட்டி, 1903இல் தொடங்கிய 'தூர் த பிரான்ஸ்' என்பதே. ஏறத்தாழ மூன்று வாரங்கள் மலையும் சமவெளியும் கடந்து செல்லும் அப்போட்டியில், எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். அன்றன்று முன்னணியில் நிற்பவர் மஞ்சட் சட்டை அணிவார். பூலிதோர் அதில் 14 முறை பங்குபற்றினார். 3 முறை இரண்டாமிடமும் 5 முறை மூன்றாமிடமும் பெற்றார். மஞ்சட் சட்டையை ஒரு நாளேனும் அணிந்தாரல்லர்.

அவர் வெற்றியை மிக அண்மித்தது 1964இல். எதிர்நின்றவர், அப்போட்டியை முன்னரே 4 முறை வென்றிருந்த ஷாக் ஆங்கெத்தில். மொனாக்கோவில் ஒரு நாளோட்டம் ஓடுதிடலில் முடிவடைந்தது. இன்னும் ஒரு சுற்று எஞ்சியிருப்பதை அறியாது, பூலிதோர் முன்னதாகவே முழு வலிமையையும் செலுத்தி ஓடிவிட்டார். அடுத்த சுற்றில் ஆங்கெத்தில் வென்று, அவ்வெற்றிக்குரிய 1 நிமிடச் சலுகையையும் பெற்றார். பின்னர் யூலை 12ஆம் திகதி, அவிந்த எரிமலையாகிய பூய் த தோம் மீது இருவரும் தோளோடு தோள் உரச ஏறினர். உச்சியை அணுகுகையில் ஆங்கெத்தில் பின்தங்கினார். பூலிதோர் அவரிடமிருந்து 42 விநாடிகளை மீட்டார். எனினும் 14 விநாடிகளால் மஞ்சட் சட்டை ஆங்கெத்திலிடமே தங்கிற்று. பாரிசை அடைந்தபோது இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 55 விநாடிகள். மொனாக்கோவில் எதிரிக்குக் கிடைத்ததோ 1 நிமிடம்!

இத்தகைய இழப்பு நேர்ந்தால் மனங்கசந்து ஒதுங்குவோர் பலர். பூலிதோர் ஒதுங்கவில்லை. 1967இல் தமக்கு வெற்றிவாய்ப்பு நழுவியதை உணர்ந்ததும், தம் அணியைச் சேர்ந்த றொஜே பென்ஜோன் வெல்வதற்காக உழைத்தார், பென்ஜோன் வென்றார். 1974இல், 38 வயதில், எடி மேர்க்ஸ் என்னும் பெருவீரருக்கு அடுத்தவராக வந்தார். 1976இல், 40 வயதில், மூன்றாமவராக வந்தார். வீதியோரத்து மக்கள் அவரைப் 'பூப்பூ' எனச் செல்லப்பெயரிட்டு அழைத்தனர். எதிரியாயிருந்த ஆங்கெத்திலும் பிற்காலத்தில் நண்பரானார். அவர் மறைந்து 19 மாதங்களின் பின், 2021ஆம் ஆண்டு யூன் 27ஆம் திகதி, அவர் மகள்வழிப் பேரன் மத்தியூ வான் டெர் பூல் அதே போட்டியில் ஒரு நாளோட்டத்தை வென்று மஞ்சட் சட்டை அணிந்தார். எல்லைக்கோட்டைக் கடக்கையில் அவர் வானை நோக்கிக் கை உயர்த்தியதைக் கண்டு எம் கண்களும் கலங்கின.

அவ்வாண்டுகளின் பின் நிகழ்ந்த பழைய மாணவர் சங்கக் கூட்டமொன்றில், நரைத்த தலையினர் ஒருவர் எம்மை அணுகிப் பழுப்பேறிய தேர்ச்சி அறிக்கையொன்றை நீட்டினார். "சேர், இது உங்கட எழுத்துத்தான்" என்று சிரித்தார். மூன்று தவணைக்கும் யாம் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: 'இரண்டாம் இடம். முதலிடத்துக்கு முயல்க.' அவ்வாண்டு தந்தையாரை இழந்து, விடியுமுன் தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு, நான்கு மைல் துவிச்சக்கரவண்டி மிதித்து அவர் பள்ளிக்கு வந்தவர் என்பதை யாம் அறிந்தது அன்றுதான். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. யாம் கேட்டதற்கே சொன்னார். அன்று கேட்டதை அக்காலத்திற் கேட்டோமில்லை. அவ்வகுப்பின் முதலாம் பிள்ளையின் பெயர் எமக்கு இன்றும் நினைவிலுண்டு. எதிரே நின்றவரின் பெயரையோ அவ்வறிக்கையின் தலைப்பைப் பார்த்தே அறிந்தோம். அவ்வெட்கம் எம்மை விட்டு நீங்கவில்லை.

முதற்பரிசை யாம் இகழ்கின்றோமல்லேம். ஆங்கெத்தில் வெற்றிக்கு உரியவரே. மணிக்கூடு பொய் சொல்வதில்லை. ஆனால் மணிக்கூடு சொல்வது யார் முந்தினார் என்பதை மட்டுமே. ஒருவர் எங்கிருந்து புறப்பட்டார், எதைச் சுமந்து வந்தார் என்பதை அது சொல்லாது. அதனைக் கேட்டறிவது ஆசிரியர் கடன். 28 ஆண்டுகளில் அக்கடனை யாம் முழுதுஞ் செலுத்தினோமல்லேம்.

இம்மலரின் பரிசுப் பட்டியலில் அம்மாணவரின் பெயர் இராது. இங்கு அதனைப் பொறிக்க விரும்பினோம்; அவர் இசைந்தாரில்லை. ஆகவே, அறிக்கையில் எழுதத் தவறியதை இவ்விடத்தில் எழுதுகின்றோம்: நன்று செய்தீர், தம்பி.