மட்டமும் அடுக்கும்

வலப்பனைப் பகுதியின் தேயிலை மலையொன்றை நோக்குவோர் கண்ணில் முதலிற் படுவது அதன் சமன்மை. செடிகள் யாவும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பளவிலே நிற்கின்றன. தேயிலை இயல்பிற் செடியன்று. தன்போக்கில் விடப்படின் பல மீற்றர் உயரும் மரமாகும். அதனை மரமாக விடாது தடுத்து, மேசை போற் பரப்பி வைத்திருப்பவை கவ்வாத்துக் கத்தியும் பறிப்போர் விரல்களுமேயாம். ஆனால் ஓடையோரங்களிலும் செங்குத்துச் சரிவுகளிலும் எஞ்சியுள்ள காட்டுத்துண்டுகளில் இத்தகைய மட்டம் இல்லை, அங்குள்ளது அடுக்கு. இவ்வேறுபாடு இலையுண்ணும் பூச்சிகளின் வாழ்வை வகுக்கின்றது. அதன் வழியே மனிதர் வாழ்வையும் தொடுகின்றது.

காட்டின் உச்சியில் வெயிலை நேரே ஏற்கும் இலை தடித்தது, கடினமானது. கீழே நிழலில் விரியும் இலை மெல்லியது, ஈரம் மிக்கது. ஆகவே ஒரே மரத்தின் மேலிலையும் கீழிலையும் பூச்சிக்கு இருவேறு உணவுகளாகின்றன. இவற்றோடு கொடிகளும் பன்னங்களும் கிளைகளிற் பற்றி வாழும் ஓக்கிட்டுகளும் சேர்கின்றன. ஒரு பூச்சி இலையைக் கடிக்கின்றது. மற்றொன்று சாற்றை உறிஞ்சுகின்றது. வேறொன்று இலையின் இரு தோல்களுக்கிடையே சுரங்கமிட்டு வாழ்கின்றது. அடுக்குகள் பெருகப் பெருக இத்தகைய பிழைப்புகளும் பெருகுகின்றன.

இவ்வளத்தின் அளவை உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் தெரி ஏர்வின். பனாமாக் காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியிலிருந்து ஏறத்தாழ 1200 வண்டினங்களைப் பெற்றதாக அவர் 1982இல் எழுதினார். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை தாவரவுண்ணிகள். இதனைக் கொண்டு வெப்பவலயக் கணுக்காலிகள் மூன்று கோடி இனங்களாகலாம் என அவர் கணித்தார். பின்வந்தோர் அத்தொகையைப் பெரிதும் குறைத்தனராயினும், மரவுச்சியின் செழுமையை எவரும் மறுத்திலர்.

மலைநாட்டின் இன்றைய நிலை வரலாற்றால் விளைந்தது. கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டது. அழித்த கைகளுள் தமிழகத்திலிருந்து வந்த கூலியாட்களின் கைகளும் இருந்தன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்டார். 1869இற் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை மலையெங்கும் பரந்தது. அடுக்குகள் நின்ற இடத்தில் மட்டம் வந்தது. ஆனால் பூச்சிகள் ஒழிந்துவிடவில்லை. பல இனங்கள் சிறு தொகையில் வாழ்ந்த நிலை மாறிச் சில இனங்கள் பெருந்தொகையில் வாழும் நிலை உண்டாயிற்று. அவற்றையே நாம் பீடைகள் என்கின்றோம்.

இலைகளைப் பின்னி அவற்றினுள் வாழும் இலைச்சுருட்டுப் புழு அத்தகைய பீடைகளுள் ஒன்று. அதனை அடக்க 1935-36இல் யாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொணரப்பட்டது. புழுவின் உடலிலே முட்டையிடும் அச்சிறு குளவி தோட்டங்களில் நிலைபெற்றுப் புழுவைக் கட்டுப்படுத்தியது. பின்னர், 1950களின் பிற்பகுதியில், தண்டைத் துளைக்கும் சிறு வண்டினை ஒழிக்க டீல்டிரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டோடு குளவியும் மாண்டது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. அடுக்கடுக்கான காட்டிற் புழுவுக்குப் பறவை, சிலந்தி, எறும்பு, குளவி எனப் பகைவர் பலர். ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் உளர். மட்டமான மலையின் சமநிலையோ பெரும்பாலும் ஒரு குளவியை நம்பியிருந்தது.

அவ்வாறாயின் நிழல் மரங்களை நெருக்கமாக நட்டு மட்டத்தை மீண்டும் அடுக்காக்கிவிடலாமே எனத் தோன்றலாம். அது அத்துணை எளிதன்று. 1946இற் கொப்புள நோய் இலங்கையிற் பரவியபோது, நிழலும் ஈரமும் அப்பூஞ்சணத்துக்கு உதவுவதாற் பல தோட்டங்களில் நிழல் மரங்கள் குறைக்கப்பட்டன. அடுக்கு பூச்சிகளைப் பகிர்ந்து வைக்கும். ஆனால் எல்லா நோய்களையும் அது தடுக்காது. எவ்விடத்தில் எம்மரத்தை எத்துணை இடைவெளியில் நிறுத்துவது என்பது அந்தந்த மலையின் உயரத்தையும் மழையையும் அறிந்தே தீர்மானிக்க வேண்டியதாகும்.

லயத்திற் பிறந்து இன்று பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயிலும் மாணவருக்கு இஃது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. பீடை மிகுந்தாற் கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தாற் தாயின் சம்பளம் குறையும். மருந்து மிகுந்தால் அதனை முதுகிற் சுமந்து தெளிப்பவர் தந்தையாகவோ அண்ணனாகவோ இருப்பார். ஓடையோரக் காட்டுத்துண்டைப் பயனற்ற நிலமெனக் கருதி விறகுக்கு வெட்டுவது தோட்டங்களில் வழக்கம். அக்காட்டின் ஒவ்வோர் அடுக்கிலும் வாழும் பூச்சிகளையும் அவற்றின் பகைவர்களையும் இனம் பிரித்து எழுதிவைப்பது, அதனைக் காப்பதற்கான முதற் பணியாகும். அதற்கு உரியவர் மூதாதையர் அக்காட்டை வெட்டிய அம்மலைகளின் பிள்ளைகளே.