காமிரா விலைக்கு!

பழைய மாட்டை விற்பதற்கு நமது தஞ்சை ஜில்லாவில் ஒரு சாஸ்திரமே உண்டு. வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலடி நடத்திப் பார்ப்பார், பிறகு துண்டுக்கு அடியில் விரலைப் பற்றி விலை பேசுவார். பழைய காமிராவுக்குப் பல்லும் கிடையாது, சுழியும் கிடையாது. அதன் குணதோஷங்கள் விற்கிறவனுக்குத்தான் தெரியும். இந்தச் சங்கடத்தைச் சென்ற வைகாசியில் நாம் நன்றாக அனுபவித்தோம்.

நம்மிடமிருந்தது சாமானியக் காமிரா அல்ல. விநாடிக்கு ஆயிரம் படம் பிடிக்கும் யந்திரம். அவற்றைத் திரையில் விநாடிக்கு 25 வீதம் ஓட விட்டால் ஒரு விநாடி நாற்பது விநாடியாக நீண்டுவிடும். நெல் அரைக்கும் ஆலைகளில் ஓடுகிற பெல்ட் எந்த இடத்தில் துள்ளுகிறது, சல்லடை எங்கே உதறுகிறது என்று மனிதக் கண்ணுக்கு அகப்படாததை அது காட்டிக் கொடுத்துவிடும். அந்த வேலைக்காகவே வாங்கினோம். ஐந்து வருஷம் அது சம்பாதித்தும் கொடுத்தது. ஒரு தை மாதத்தில், அறுவடைக் களத்தில் நெல் தூற்றுவதையும் அதனால் படம் பிடித்தோம். முறத்திலிருந்து எல்லாம் ஒன்றாகத்தான் புறப்படுகின்றன. ஒரு முழம் இறங்கியதும் பதர் தயங்குகிறது, திரும்புகிறது, காற்றோடு போய்விடுகிறது. நெல்மணியோ யாரையும் கேளாமல் நேரே இறங்குகிறது. அந்தப் படத்தை நாம் எத்தனை தடவை போட்டுப் பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

இப்போது ஆலைக்காரர்கள் கைபேசியிலேயே விநாடிக்கு 240 படம் பிடித்துத் திருப்தியடைந்து விடுகிறார்கள். யந்திரம் பீரோவில் ஏறிற்று. “இது ஆடம்பரம்” என்று இல்லாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இந்தத் தீர்ப்புக்கு முன்னுதாரணம் உண்டு. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ காப்டன், சென்னை மாகாண சர்க்காரின் போட்டோக்காரராகத் தஞ்சைக்கு வந்து, பெரிய கோவிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாய்ப் பிடித்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஒட்டிச் சேர்த்தார். ஒரு படம் பதிவதற்கு விநாடிகள், சில சமயம் நிமிஷங்களும் பிடித்த காலம் அது. அடுத்த வருஷம் கவர்னராக வந்த டிரெவெல்யான் துரை, இதெல்லாம் கஜானாவுக்குத் தகாத ஆடம்பரம் என்று சொல்லி அந்த இலாகாவையே மூடிவிட்டார். துரையின் கணக்குப் புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படங்கள் இன்னும் இருக்கின்றன.

நமக்கும் கணக்குப் புத்தகம் உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது வழக்கம். திறந்தால் குறுவைக்கு உழவு, நாற்று, நடவு என்று கையில் ரொக்கம் வேண்டும். ஆகவே இரண்டு லட்சம் என்று விலை சொன்னோம்.

திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவர். யந்திரத்தைக் கையில் வாங்கியபோதே அவர் முகத்தில் ஓர் ஒளி. “ஐயா, வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்திருக்கிறேன். மண்டபத்தில் அட்சதை விழுவதை இதில் எடுத்தால் ஊரே பேசும்” என்றார்.

அந்த வார்த்தையில்தான் அகப்பட்டுக்கொண்டோம். மின்சார விளக்கு நம் கண்ணுக்கு நின்று எரிவதாகத் தோன்றினாலும், பல விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை ஏறி இறங்குகின்றன. இந்தக் காமிரா அதை நாற்பது மடங்கு நீட்டிவிடும். திரையில் மணமகளின் முகம் விநாடிக்கு இரண்டரை தடவை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். அதோடு, ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே. மண்டபத்து வெளிச்சம் அதற்குப் போதாது. அவரோ இவற்றைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டுமா? நாற்றங்கால் கண் முன்னே வந்து நின்றது.

“தம்பி, சற்று உட்காருங்கள்” என்று சொல்லி, கூடத்து விளக்கின் கீழேயே படம் பிடித்துப் போட்டுக் காட்டினோம். சுவர் துடித்தது. மூலையில் அணையாத வெள்ளைப் புள்ளிகள் மூன்று இருப்பதையும் காட்டினோம். அவர் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

“நல்ல வியாபாரம்!” என்றாள் இல்லாள்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார். பகலில், ஆற்றங்கரையில், வெயிலில் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஆனால் விலையில் இருபதினாயிரம் குறைத்துக் கேட்டார். “புள்ளியையும் விளக்கையும் நீங்கள்தானே சொன்னீர்கள், ஐயா?” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? கொடுத்துவிட்டோம்.

ரசீது எழுதி, யந்திரத்தின் நம்பரையும் அதில் குறித்தோம். நெல் தூற்றிய படத்தை மட்டும் முன்னமே பிரதி எடுத்து வைத்துக்கொண்டோம். படம் முதலில் யந்திரத்தின் தற்காலிக நினைவில்தான் நிற்கும், சேமிப்பதற்கு முன் மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று என்று எச்சரித்தோம். யந்திரம் சூடேறிய பின் மூடியை மாட்டி ஒரு முறை இருட்டைக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தோம். அவர் அதை இரண்டு தடவை செய்து பார்த்தார். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருவையாற்று பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.