பால்கோவா வாங்கின கடை

ராஜபாளையத்தில் மாலை நேரம் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகள், மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள், வளைகுடா வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள் என்று பல ரகம். ஆளுக்கொரு இங்கிலீஷ். ஆனால், 'ஹூ', 'விச்' வருகிற இடத்தில் மட்டும் அத்தனை பேரும் ஒற்றுமையாகச் சறுக்குவார்கள்.

"தி பஸ் விச் ஐ கேம் வாஸ் லேட் சார்" என்றாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவி.

"பஸ்ஸாவே வந்தியா?" என்றது கடைசி பெஞ்ச். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள், "எனக்கு இங்கிலீஷ் வராது சார், நின்னுக்கிறேன்" என்று வந்து நின்றாள்.

அவள் என்ன செய்வாள், பாவம்! பால்கோவா வாங்கின ஆள், பால்கோவா வாங்கின கடை, பால்கோவா வாங்கின காசு... மூன்றுக்கும் நம்மிடம் ஒரே 'வாங்கின'தான். கடை'யில்' வாங்கினாரா, காசு 'கொடுத்து' வாங்கினாரா என்பதெல்லாம் கேட்கிறவர் பாடு. தமிழுக்கு அவர் புத்தியில் அத்தனை நம்பிக்கை! இங்கிலீஷ் யாரையும் நம்பாது. 'இன்', 'ஃப்ரம்', 'வித்' என்று ரசீது கேட்கும். 'தி பஸ் ஐ கேம் இன்' என்று முடித்தால்தான் விடும்.

ரியாத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்த என் பழைய மாணவனின் சூப்பர்வைசர் அரபிக்காரர். 'தி பாக்ஸ் விச் ஐ ஓபன்ட் இட்' என்று எழுதுவாராம். அந்த 'இட்' அதிகப்படி. ஆனால் அரபியில் 'நான் திறந்த பெட்டி' என்பதை 'நான் அதைத் திறந்த பெட்டி' என்கிற மாதிரிதான் சொல்வார்கள். நாம் ஒன்றைக் குறைக்கிறோம்; அவர்கள் ஒன்றைக் கூட்டுகிறார்கள். அவரவர் தாய்மொழி செய்கிற வேலை!

அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "உங்க ஊர் ஆண்டாளுக்கு இன்னொரு பேர் என்னம்மா?"

"சூடிக்கொடுத்த நாச்சியார்."

"எதைச் சூடினா? யாருக்குக் கொடுத்தா?"

"மாலையை... பெருமாளுக்கு."

"பேர்ல மாலை இருக்கா? பெருமாள் இருக்காரா?"

யோசித்தாள். "ரெண்டும் இல்ல சார்!"

"இங்கிலீஷ்ல ரெண்டையும் எழுதணும். எதை, யாருக்கு, எதுலன்னு உன்னையே கேட்டுக்கோ. பதிலை விடாம எழுது."

எழுதினாள். மாலையும் இருந்தது, பெருமாளுக்கு முன்னால் 'டு'வும் இருந்தது.

கடைசி பெஞ்சுக்குப் பொறுக்கவில்லை. "அப்போ அன்னிக்கு அவ சொன்னது ரைட்டா சார்?"

"தப்புதான். ஆனா, காரணம் உள்ள தப்பு. மார்க் போகும், மானம் போகாது!"