சிமெண்ட் தரைக்குக் கீழே

பேரனோடு உட்கார்ந்து ‘ஜான் விக்’ (2014) பார்த்தேன். கதாநாயகன் ஓய்வு பெற்ற கொலையாளி. காலமான மனைவி அவனுக்கென விட்டுச்சென்ற நாய்க்குட்டியை ஒரு ரஷ்ய தாதா மகனின் கும்பல் கொன்றுவிட்டு, காரையும் திருடிப் போகிறது. கியானு ரீவ்ஸ் சம்மட்டியால் வீட்டின் சிமெண்ட் தரையை உடைக்கிறார். கீழே பழைய துப்பாக்கிகள்!

பேரன் கைதட்டினான். எனக்கோ பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. என் பதவி உயர்வைத் தடுத்த மேலதிகாரிக்கு எதிராகச் சேர்த்த நகல்கள், 20 வருஷமாக அதில்தான் இருந்தன.

பள்ளியில் படித்த பிரெஞ்சில் ‘ரெத்ரேத்’ என்றால் பணி ஓய்வு. படை பின்வாங்குவதற்கும் அதே சொல்தான். நான் ஓய்வு பெறவில்லை, பின்வாங்கிப் பதுங்கியிருந்திருக்கிறேன்.

அந்த அதிகாரி போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. மறுநாள் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். ஒரு கிலோகூடத் தேறவில்லை.