கல்லைக் கொதிக்க வைத்தவன்

2009 ஆம் ஆண்டு தோஹாவில் ஒரு வீட்டில் சாரதியாக இருந்தேன். சாரதி என்று பெயர்தான். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கிய நேரம் போக, மஜ்லிஸில் இருந்த உப்புத்தண்ணீர் மீன்தொட்டியும் என் பொறுப்பு. கடற்கரை ஊரான், மீனைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று முதலாளி நினைத்துவிட்டார். சாய்ந்தமருதில் பிறந்த எனக்கு மீனைக் கரைவலையில் தெரியும், கறிச்சட்டியில் தெரியும். கண்ணாடிக்குள் தெரியாது.

தொட்டிக்குள் முருகைக்கற்களை அடுக்கியிருந்தார்கள். அவற்றில் ஒரு கல்லில், சட்டைப் பொத்தான் அளவில், தவிட்டு நிற மொட்டுகள் நாலைந்து இருந்தன. ஆறு மாதத்தில் அவை கல் முழுவதும் படர்ந்து, விலை கொடுத்து வாங்கிய பவளங்களின் மேலும் ஏறத் தொடங்கின. பவளத்தின் சாதிதான் அதுவும், வேண்டாத சாதி. "எடுத்துவிடு" என்றார் முதலாளி.

கல்லை என் அறைக்குக் கொண்டுபோய்க் கத்தியால் சுரண்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. வேர் போகவில்லை. அப்போதுதான் அந்த அறிவாளி யோசனை வந்தது: பானையில் போட்டுக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடுமே! யன்னல் இல்லாத அறை. அக்கரைப்பற்றைச் சேர்ந்த கூட்டாளி ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். "என்ன தம்பி, கருவாடா அவிக்கிறாய்?" என்று சிரித்தார்.

இஷாவுக்கு முன்னமே எனக்கு வாயெல்லாம் கசந்தது, செப்புக்காசை நக்கியதுபோல. பிறகு குளிர், காய்ச்சல், இருமல். கூட்டாளிக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சளிக்காய்ச்சல் என்று மருந்து தந்தார்கள். கல்லைப் பற்றிச் சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் அந்த மனிதர் எழுந்து உட்காரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கலிமா சொல்லிக்கொண்டே கிடந்தார். அவருக்கு ஊரில் மூன்று குமர்கள். ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் தூங்கவில்லை. அல்லாஹ் காத்தான்.

மீன்கடைக்காரர் ஒரு மலையாளி. நடந்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மொட்டுகளில் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற நஞ்சு உண்டு. 1971இல் மூர், ஷூயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹவாயில் அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அங்குள்ளவர்கள் முற்காலத்தில் ஈட்டி முனையில் தடவிய சாமானாம். கொதிக்க வைத்தால் நீராவியோடு நெஞ்சுக்குள் போய்விடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது. கல்லையும் நான் கெடுத்திருந்தேன். மீனின் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கல்லுக்குள்தான் குடியிருக்கின்றன. அவையும் வெந்து போயிருந்தன.

மற்றக் கற்களில் முளைத்தவற்றுக்கு அவர் சொன்ன மருந்துதான் என்னை உட்கார வைத்தது. நீரோட்டத்தை நிறுத்திவிட்டு, குழைத்த சுண்ணாம்பை ஊசியில்லாத சிரிஞ்சால் மொட்டின் மேல் மூட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, கூடினால் தண்ணீரின் காரம் ஏறி மீன் சாகும். சுண்ணாம்பு என்ற சொல் அவருக்கும் எனக்கும் ஒன்றே.

கல்குடாப் பக்கத்தில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்ட சுண்ணாம்பைத்தான் வாப்பா பெருநாளுக்கு முன் எங்கள் வீட்டுச் சுவருக்கு அடிப்பார். சுடும்போது கல்லிலுள்ள கரியமிலவாயு வெளியேறுகிறது. நீர் ஊற்றினால் கொதித்துப் பூக்கிறது. சுவரில் காயக் காயக் காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. கடலுக்குள் இருந்தது வெள்ளைச் சுவராக எங்கள் முற்றத்தில் நின்றது. இங்கே அதே சுண்ணாம்பைக் கொண்டு அதன் இனத்தைக் கொல்லச் சொல்கிறார்கள்.

1988இல் சட்டத்தைத் திருத்திக் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தார்கள். களவாக நடந்துகொண்டுதான் இருந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தெற்கில் அளந்து பார்த்தவர்கள், கல் காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை ஐம்பது மீற்றர் அளவே உள்ளே வந்ததையும், கல் எடுத்த பெரேலியவில் ஒன்றரைக் கிலோமீற்றர் வந்து புகையிரதத்தைப் புரட்டியதையும் எழுதினார்கள். எங்கள் கரைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. எங்களுடையது மணற்கரை. நாங்கள் எதையும் அகழவில்லை. ஆனாலும் நாட்டில் கூடுதலாக மௌத்தானவர்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். வாப்பா வெள்ளையடித்த சுவரில் முழங்கால் உயரம்தான் மிஞ்சியது. வாப்பா அந்தக் காலையில் கடற்கரைக்குப் போயிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை உம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். காய்ச்சலைச் சொல்லவில்லை. சுண்ணாம்பு வாங்கியதை மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் மறுபக்கம் சத்தமில்லை.

"வெத்தில போடப் பழகிட்டியா மகன்?" என்றா.